குற்றஞ்சாட்டப்பட்டவன் குற்றவாளியா?

(பூவிருந்தவல்லியில் நடந்த பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



தலைமை வகிக்கும் தோழர் என்னைப் பற்றி அதிகமாகச் சொல்லிவிட்டார். அவ்வளவுக்கு நான் யோக்கியதை உடையவனல்ல. நான் வக்கீலுமல்ல, பெரிய படிப்பாளியுமல்ல. கோர்ட்டு வாசலிலும் போலீஸ் ஸ்டேஷன் வாசலிலும் ஏழை ஜனங்களோடு நின்று பார்த்த பழக்கத்தைக் கொண்டு எனக்குத் தெரிந்ததைச் சொல்லுகிறேன். அதையும் உங்கள் புத்தியில் போட்டுப் பார்த்து, சரியென்று பட்டால் எடுத்துக் கொள்ளுங்கள், இல்லையென்றால் தள்ளிவிடுங்கள்.

தோழர்களே! டீக்கடையில் பத்திரிகையைப் பிரித்தால் இந்தப் பக்கத்துச் சேதி ஏதாவது ஒன்று இருக்கிறது. 'வாலிபர் வெட்டிக் கொலை. கொலையாளிகள் கைது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். 'கொலைக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் கைது' என்று போடுவதில்லை. கைது செய்த அன்றைக்கே கொலையாளி என்று பெயர் வைத்தாகிவிட்டது. படித்தவுடனே நாம் என்ன செய்கிறோம்? 'இவனையெல்லாம் நடுத்தெருவில் நிறுத்திச் சுட வேண்டும்' என்று தீர்ப்பும் சொல்லிவிட்டு, டீயையும் குடித்துவிட்டு, வேலைக்குப் போய்விடுகிறோம். கண்டவன் யார், அவன் சொன்னது மெய்தானா, பிடிபட்டவன் அந்த நேரத்தில் அங்கே இருந்தானா என்று ஒருவராவது கேட்கிறோமா?

நம் தலையில் பிரம்மா எழுதி வைத்திருக்கிறான் என்று எவனாவது சொன்னால், 'அதற்கு என்ன ருஜு?' என்று கேட்கிறோம். ஒரு ஏழையின் பேரில் போலீசார் எழுதி வைத்ததற்கு மாத்திரம் ருஜு கேட்பதில்லை. அது என்ன நியாயம்? ருஜு கேட்கிற புத்தி கோவில் வாசலோடு நின்று, போலீஸ் ஸ்டேஷன் வாசலுக்கு வரமாட்டேன் என்றால் அதைப் பகுத்தறிவு என்று சொல்ல முடியுமா?

பழைய காலத்து நியாயம் எப்படி இருந்தது என்று பாருங்கள். மனுதர்ம சாஸ்திரத்தில் ஒரே குற்றத்துக்குச் சாதிக்கு ஒரு தண்டனை. எந்தக் குற்றம் செய்தாலும் பார்ப்பானைக் கொல்லக்கூடாது. அவன் சொத்தோடு ஊரைவிட்டு அனுப்பினால் போதும். உண்மை தெரிய வேண்டுமானால் நெருப்பை எடுக்கச் சொல்லலாம், தண்ணீரில் முழுகச் சொல்லலாம். நெருப்பு சுடாவிட்டால் அவன் யோக்கியன். தோழர்களே, நெருப்புக்குச் சத்தியமும் தெரியாது, பொய்யும் தெரியாது. அதற்குத் தெரிந்தது சுடுவது ஒன்றுதான்!

சிலப்பதிகாரக் கதை உங்களுக்குத் தெரியும். பொற்கொல்லன் ஒருவன் சொன்ன சொல்லைக் கேட்டுப் பாண்டியன் கோவலனைக் கொல்ல உத்தரவு போட்டானே, கோவலனைக் கூப்பிட்டு, 'நீ என்ன சொல்லுகிறாய்?' என்று ஒரு வார்த்தை கேட்டானா? அவன் செத்த பிறகு கண்ணகி வந்து சிலம்பை உடைத்து ருஜுக் காட்டினாள். அந்த ருஜு ஒரு நாள் முந்தி வந்திருந்தால் கோவலன் பிழைத்திருப்பான். பின்னாலே மதுரையை எரித்து யாருக்கு என்ன லாபம்? விசாரணை முந்தி, தண்டனை பிந்தி. இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

போலீசாரிடம் ஒருவன் 'நான்தான் செய்தேன்' என்று ஒப்புக்கொண்டால் அது கோர்ட்டில் செல்லாது என்று ஒரு சட்டம் இந்த நாட்டில் இருக்கிறது. பலருக்கு இது வேடிக்கையாகத் தோன்றும். 'அவனே ஒப்புக்கொண்ட பிறகு இன்னும் என்ன விசாரணை?' என்று கேட்பார்கள். அந்தச் சட்டம் சும்மா வரவில்லை. நம்முடைய சென்னை ராஜதானியில் ஜனங்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்று கூச்சல் எழுந்து, 1855-ல் ஒரு விசாரணைக் கமிஷன் அறிக்கை கொடுத்தது. வரி வாங்குவதற்கும், குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்வதற்கும் விரலில் கிட்டி போட்டு நெரித்ததையும், கழுத்தையும் கால் விரலையும் கயிற்றால் சேர்த்துக் கட்டி வெயிலில் குனிய வைத்ததையும் அதில் எழுதியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு 1861-ல் வந்த குற்ற நடைமுறைச் சட்டம் போலீசாரிடம் கொடுத்த ஒப்புதலைச் சாட்சியமாக எடுக்கக்கூடாது என்று சொல்லிற்று. 1872 சாட்சியச் சட்டத்தில் அது 25-ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தில் 23-ஆவது பிரிவு. வெள்ளைக்காரன் போனான், சட்டத்தின் பெயர் மாறிற்று. இந்த விதியை மாத்திரம் எடுக்கவில்லை. ஏன்? அடி விழுந்தால் எவனும் எதையும் ஒப்புக்கொள்வான் என்பது எல்லோருக்கும் தெரியும். அடித்து வாங்கிய வாக்குமூலம் என்பது நெருப்பை எடுக்கச் சொன்ன அதே பழைய நியாயம்தான்.

இந்தப் பூட்டை ஒருமுறை உடைத்துப் பார்த்தார்கள். 1987-ஆம் வருஷத்துத் தடாச் சட்டத்தின் 15-ஆவது பிரிவில், போலீஸ் சூப்பரிண்டெண்டு அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லும் என்று எழுதினார்கள். அதன் பலனைப் பார்க்க நீங்கள் தூரதேசம் போக வேண்டியதில்லை. இதே பூவிருந்தவல்லியில் பார்க்கலாம்.

1991 மே 21-ந் தேதி, இந்தச் சாலையிலேயே மேற்கே போனால் வருகிற ஸ்ரீபெரும்புதூரில், முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி குண்டு வைத்துக் கொல்லப்பட்டார். அவரோடு பலர் செத்தார்கள். காவலுக்கு நின்ற போலீஸ்காரர்களும் செத்தார்கள். அது கொடிய கொலை. அதில் இரண்டு பேச்சு இல்லை. 41 பேர் மீது குற்றம் சாட்டினார்கள். 12 பேர் ஏற்கெனவே இறந்திருந்தார்கள். 3 பேர் அகப்படவில்லை. மீதி 26 பேரை இந்த ஊரிலுள்ள தனிக் கோர்ட்டில் நிறுத்தினார்கள். பொதுஜனங்கள் உள்ளே போக முடியாத மூடிய விசாரணை. சர்க்கார் தரப்பில் 288 சாட்சிகள். 1998 ஜனவரி 28-ந் தேதி தீர்ப்புச் சொன்னார்கள். என்ன தீர்ப்பு? 26 பேருக்கும் தூக்கு! ஒருவர் பாக்கியில்லை.

தடாச் சட்டப்படி இதற்கு ஹைக்கோர்ட்டில் அப்பீல் கிடையாது. நேரே சுப்ரீம் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். போனார்கள். 1999 மே 11-ந் தேதி சுப்ரீம் கோர்ட் என்ன சொல்லிற்று தெரியுமா? 26 பேரில் 4 பேருக்குத்தான் தூக்கு, 3 பேருக்கு ஆயுள், மற்ற 19 பேருக்கும் கொலைச் சதிக் குற்றத்திலிருந்து விடுதலை. அந்த 19 பேரில் சிலருக்குச் சில்லறைக் குற்றங்களில் தண்டனை இருந்தது; அதற்கு வேண்டிய காலத்தையும் உள்ளேயே கழித்தாகிவிட்டது. தூக்குமரம் என்று எழுதிய 26 பெயரில் 19 பெயர் தப்பு! மேலே ஒரு கோர்ட்டு இல்லாதிருந்தால், அல்லது, 'தீர்ப்பு வந்த அன்றே தூக்கில் போடு' என்று டீக்கடையில் சொன்னவர்கள் பேச்சைக் கேட்டிருந்தால், அந்த 19 பேரின் கதி என்ன?

இன்னொரு விசேஷம் பாருங்கள். தடாக் குற்றம் எதுவும் ருஜுவாகவில்லை என்று சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. ஆனால் தடாச் சட்டப்படி போலீஸ் அதிகாரி வாங்கிய வாக்குமூலங்கள் மாத்திரம் செல்லும் என்றது. கலியாணம் செல்லாது, மொய் செல்லும் என்பது போல! அந்த வாக்குமூலத்தின் பேரில் தூக்குத் தண்டனை நிலைத்தவர்களில் பேரறிவாளன் ஒருவர். பிடித்தபோது வயது 19. இரண்டு 9 வோல்ட் பாட்டரி வாங்கிக் கொடுத்தார் என்பது அவர் பேரில் முக்கியமான குற்றச்சாட்டு. அந்த வாக்குமூலத்தை எழுதிய அதிகாரியே, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 2013-ல் வெளிப்படையாகச் சொன்னார்: 'பாட்டரி எதற்கென்று எனக்குத் தெரியாது என்று அவர் சொன்னார், அதை நான் எழுதவில்லை' என்பதாக. கடைக்குப் போய்ப் பாட்டரி வாங்குகிறவனுக்கும் குண்டு வைக்கிறவனுக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரு வாக்கியத்தில்தானே இருக்கிறது! அதை எழுதுவதும் விடுவதும் ஒரு மனிதன் கையில் இருந்தது. கழுத்து இன்னொரு மனிதனுடையது.

2014-ல் கருணை மனுவைப் பல வருஷம் கிடப்பில் போட்ட காரணத்தால் தூக்கு ஆயுளாகக் குறைந்தது. 2022 மே 18-ந் தேதி சுப்ரீம் கோர்ட் அவரை விடுதலை செய்தது. அதே வருஷம் நவம்பரில் மற்ற 6 பேரையும் விட்டது. கோர்ட்டு 'இவர் நிரபராதி' என்று தீர்ப்பை மாற்றவில்லை. நான் அப்படிச் சொல்ல வரவுமில்லை. கவர்னர் முடிவெடுக்காமல் காலங்கடத்தியதைக் கொண்டு தன் தனி அதிகாரத்தில் விட்டது. நான் எந்தக் கட்சிக்கும் இங்கே வக்காலத்து வாங்கவில்லை. நான் கேட்பது ஒன்று: 19 வயதில் உள்ளே போய் 50 வயதில் வெளியே வந்த ஒருவர் விஷயத்தில், அவர் சொன்னதாக எழுதப்பட்டது அரைகுறை என்று எழுதியவரே சொல்லுகிறபோது, போலீசாரிடம் கொடுத்த வாக்குமூலம் வேண்டாம் என்று 1861-ல் போட்ட பூட்டு அவசியமா, இல்லையா?

பணமும் புகழும் உள்ளவனுக்கு இப்படி வராது என்று நினைக்காதீர்கள். 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் லட்சுமிகாந்தன் என்ற பத்திரிகைக்காரர் குத்திக் கொல்லப்பட்டார். எம்.கே.தியாகராஜ பாகவதரையும் என்.எஸ்.கிருஷ்ணனையும் பிடித்தார்கள். 1945-ல் தீவாந்திர சிட்சை விதித்தார்கள். நாடெல்லாம் கொண்டாடிய பாட்டுக்காரரும் நாடெல்லாம் சிரிக்க வைத்தவரும் ஜெயிலில் கிடந்தார்கள். லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் வழக்குப் போய்த் திரும்பி வந்து, 1947 ஏப்ரலில் சென்னை ஹைக்கோர்ட் இருவரையும் விடுதலை செய்தது. பாகவதரின் பழைய காலம் அதன் பிறகு திரும்பவே இல்லை. லண்டன் வரைக்கும் போகப் பணமிருந்தவர்களுக்கே இந்தக் கதி. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தினக்கூலிக்குப் போகிறவனுக்கு என்ன கதி?

'இப்படிப் பேசினால் கொலைகாரனெல்லாம் தப்பிவிடுவானே, செத்தவன் பெண்டாட்டி பிள்ளைக்கு என்ன நியாயம்?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நான் திருப்பிக் கேட்கிறேன்: செய்யாதவனைப் பிடித்து உள்ளே வைத்தால், செய்தவன் எங்கே இருக்கிறான்? வெளியே, உங்கள் தெருவிலேயே இருக்கிறான்! லட்சுமிகாந்தனைக் குத்தியது யார் என்பது இன்று வரைக்கும் தெரியவில்லை. செத்தவன் வீட்டாருக்கு வேண்டியது யாரோ ஒருவனல்ல, செய்தவன். அவனைப் பிடிக்கத் தடியடி போதாது, ருஜு வேண்டும். ஆகையால் குற்றஞ்சாட்டப்பட்டவனின் உரிமையும் செத்தவன் குடும்பத்தின் நியாயமும் ஒன்றுக்கொன்று விரோதமில்லை.

இனி, உங்களுக்கு உபயோகமான சில விஷயங்களைச் சொல்லுகிறேன். தாய்மார்கள் கவனமாகக் கேட்க வேண்டும். ஏனென்றால் ஆண்பிள்ளையைக் கொண்டுபோன பிறகு ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அலைகிறவர்கள் நீங்கள்தான்.

முதலாவது, ஒருவன் செத்துவிட்டான் என்றால் எல்லாம் ஒரே குற்றமல்ல. கொல்ல வேண்டும் என்றே செய்தால் அது கொலை. பழைய 302, இப்போது 103. சண்டையில் திடீரென்று ஆத்திரம் மூண்டு அடித்துச் செத்துவிட்டால், அது கொலையாகாத மரணக் குற்றமாகலாம். பழைய 304, இப்போது 105. கவனக் குறைவால் செத்தால் 106. சாகாமல் பிழைத்துக் கொண்டால் கொலை முயற்சி. பழைய 307, இப்போது 109. கத்தி, அரிவாளால் கொடுங்காயம் என்றால் 118. தன் உயிரைக் காப்பாற்றிக் கொள்ள, வேண்டிய அளவுக்குத் திருப்பி அடித்தால் அது குற்றமே அல்ல. ஒன்றுக்குத் தூக்கு வரைக்கும் உண்டு; இன்னொன்றுக்குச் சில வருஷம்; மற்றொன்றுக்கு வீட்டுக்குப் போகலாம். டாஸ்மாக் வாசலில் ஒருவன் அடித்தான், நாலு பேர் கூட நின்றார்கள் என்றால், 'பொது எண்ணம்' என்று 3(5) பிரிவையும், அய்ந்து பேர் சேர்ந்தால் 'சட்டவிரோதக் கூட்டம்' என்று 190-ஐயும் போட்டு எல்லோரையும் ஒரே கயிற்றில் கட்டலாம். சும்மா வேடிக்கை பார்த்தவன் பெயரும் அதில் வரலாம். ஆகையால் எந்தப் பிரிவு என்று கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்கி, படித்தவர் ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைத் தட்டி உங்கள் பிள்ளையைக் கூட்டிப் போகிறார்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். 'சும்மா விசாரணைக்கு' என்பார்கள். கைது என்றால் காரணம் சொல்ல வேண்டும். அரசியல் சட்டத்தின் 22-ஆவது பிரிவு அப்படிச் சொல்லுகிறது. அதை எழுத்தில், அவனுக்குத் தெரிந்த பாஷையில் கொடுக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2025-ல் சொல்லியிருக்கிறது. கைதுக் குறிப்பு எழுதி, வீட்டாராவது ஊராராவது ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று வீட்டுக்குச் சொல்ல வேண்டும். டாக்டர் பரிசோதிக்க வேண்டும். வழிப் பிரயாணம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்டிரேட் முன்னால் நிறுத்த வேண்டும். தவிர்க்க முடியாத சந்தர்ப்பம் போக, பொழுது சாய்ந்த பிறகும் விடியுமுன்னும் பெண்களைக் கைது செய்யக்கூடாது. அப்படிச் செய்வதானாலும் மாஜிஸ்டிரேட் அனுமதியோடு பெண் அதிகாரிதான் செய்ய வேண்டும்.

மூன்றாவது, விசாரணையில் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல எவனையும் கட்டாயப்படுத்த முடியாது. இது அரசியல் சட்டத்தின் 20(3). வக்கீலைப் பார்க்க உரிமை உண்டு. வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போடச் சொன்னால் போடாதீர்கள். போலீசார் விசாரணையில் எழுதிக் கொள்ளும் வாக்குமூலத்தில் சொன்னவன் கையெழுத்து வாங்கக்கூடாது என்பதே சட்டம். போலீசாரிடம் சொன்னது செல்லாது என்றேன். ஆனால் ஒரு சந்து இருக்கிறது: 'அவன் காட்டிய இடத்தில் கத்தி கிடைத்தது' என்றால், கத்தி கிடைப்பதற்குக் காரணமான அவ்வளவு பேச்சு மாத்திரம் கோர்ட்டில் செல்லும். அந்தக் கத்தி எங்கிருந்து வந்தது என்பதை வக்கீல் குடைந்து கேட்க வேண்டிய இடம் அதுதான்.

நாலாவது, மாஜிஸ்டிரேட் முன்னால் போகும்போது பயந்து ஊமையாக நிற்கக்கூடாது. அடித்திருந்தால், 'அடித்தார்கள்' என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும், காயத்தைக் காட்ட வேண்டும். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஒரு தகப்பனும் மகனும் போலீஸ் ஸ்டேஷனில் பட்ட அடியால் செத்தார்களே, மறந்துவிட்டீர்களா? அவர்கள் பேரில் கொலைக் குற்றம்கூட இல்லை. ஊரடங்கு நேரத்தில் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்பதுதான் வழக்கு. குற்றம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும், உரிமை இல்லாவிட்டால் உயிர் இல்லை.

அய்ந்தாவது, வக்கீலுக்குப் பணமில்லை என்று தலையில் கை வைக்காதீர்கள். 1987-ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் சட்டப்படி, காவலில் இருக்கிற எவருக்கும், பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட மக்களுக்கும், மலைவாசி மக்களுக்கும் வருமானம் பாராமல் இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற நம்பருக்குப் போன் செய்து கேட்கலாம். தூக்கு, ஆயுள், பத்து வருஷத்துக்குக் குறையாத தண்டனை என்கிற பெரிய குற்றமானால் 90 நாளிலும், மற்றவற்றில் 60 நாளிலும் குற்றப் பத்திரிகை போடாவிட்டால், கேட்டால் ஜாமீன் கொடுத்தே தீர வேண்டும். 'கேட்டால்' என்பதைக் கவனியுங்கள். நாள் எண்ணிக் கொண்டிருந்து, மனுப் போட வேண்டியது உங்கள் வேலை.

தோழர்களே! கடைசியாக நம்மைப் பற்றியே ஒரு வார்த்தை. 1871-ல் வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்று போட்டான். 1911-க்குப் பிறகு அது சென்னை ராஜதானிக்கும் வந்தது. ஒரு சாதியில் பிறந்தால் போதும், அவன் பிறவிக் குற்றவாளி. கைரேகை வைக்க வேண்டும், ராத்திரியில் ஆஜர் கொடுக்க வேண்டும். சென்னை ராஜதானியில் 1947-ல் அது ஒழிந்தது. சட்டம் ஒழிந்தது; நம் மூளையிலிருந்து ஒழிந்ததா? ஒரு கொலை நடந்தவுடன், 'எந்தச் சாதிக்காரன்? எந்தக் குப்பத்துக்காரன்?' என்றுதானே முதலில் கேட்கிறோம்! 'அந்தத் தெருப் பையன்களா? அப்படியானால் செய்திருப்பார்கள்' என்கிறோம். நம் சாதிக்காரன் பிடிபட்டால், 'பொய் வழக்கு' என்று ஊர்வலம் போகிறோம். பிறப்பினால் உயர்வு தாழ்வு இல்லை என்று மேடையில் பேசிவிட்டு, பிறப்பினால் குற்றவாளி உண்டு என்று தெருவில் பேசலாமா?

நம் ஊரில் ஒருவன் பிடிபட்டால் அவன் வீட்டாரை ஒதுக்கி வைக்காதீர்கள். அவன் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில், 'கொலைகாரன் மகன்' என்று சொல்ல விடாதீர்கள். அவன் தாயோடு நாலு பேர் ஸ்டேஷனுக்குப் போங்கள், சண்டைக்கல்ல, சாட்சிக்கு. நாலு பேர் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் தடி கீழே இறங்கும். அதே போலக் கண்ணால் கண்டவர்கள் கோர்ட்டில் வந்து உண்மையைச் சொல்லுங்கள். 'நமக்கேன் வம்பு' என்று ஒளிந்து கொண்டு, பிறகு, 'குற்றவாளி தப்பிவிட்டான்' என்று கூச்சலிடுவது யோக்கியமாகாது. ருஜுவான பிறகு தண்டனை கொடுக்கட்டும். அதை நாம் தடுக்கப் போவதில்லை.

நாளைக் காலையில் டீக்கடையில் பத்திரிகையைப் பிரிக்கும்போது 'கொலையாளி கைது' என்று கண்டால், பக்கத்திலிருப்பவரிடம், 'என்ன ருஜு?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இன்று எவனுக்காகவோ கேட்கிற அந்தக் கேள்வியை, நாளை உங்கள் பிள்ளைக்காக யாராவது கேட்க வேண்டியிருக்கும்.